தென்துருவத்தில் ஒரு தெர்மாமீட்டர் மனிதர்!

பள்ளிபாளையத்துக்காரங்களுக்கு வெயிலைப் பத்தி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கத்திரி பிறந்துவிட்டால் காவிரிப் பாலத்தில் நடந்து ஈரோட்டுக் கரையைத் தொடுவதற்குள் சட்டை நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைந்துவிடும். தறிப்பட்டறைக்குள் ஷிப்ட் பார்க்கிறவங்க பாடு அதைவிட மோசம். 40 டிகிரி என்றால் என்னவென்று புத்தகம் சொல்ல வேண்டாம், நம்ம தோலே சொல்லும். ஆனால் நண்பர்களே, அதே 40-க்கு முன்னால் ஒரு மைனஸ் குறியைப் போட்டுப் பாருங்கள். நம் பிசிக்ஸ் லேபில் இருக்கிற பாதரச தெர்மாமீட்டர் மைனஸ் 39-லேயே கெட்டியாக உறைந்து கையை விரித்துவிடும். சென்டிகிரேடும் ஃபாரன்ஹீட்டும் சண்டையை விட்டுவிட்டு ஒன்றாகிற இடமும் இந்த மைனஸ் 40தான்.

அந்தக் குளிரில் உட்கார்ந்து, ஒன்றேகால் வருஷம் மணிக்கணக்கு தவறாமல் தட்பவெப்பத்தை அளந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் ஜார்ஜ் கிளார்க் சிம்ப்சன். தென்துருவம் என்றதும் நமக்கு அமுண்ட்சென், ஸ்காட், ஷேக்கில்டன் என்று மூன்று பெயர்தான் ஞாபகம் வரும். சிம்ப்சன் துருவத்துக்குப் போகவில்லை, கொடி நடவில்லை. ஆனால் அவர் சம்பளம் வாங்கியது நம்ம இந்திய வானிலை ஆய்வுத் துறையில்! சிம்லா ஆபீசிலிருந்து லீவு வாங்கிக்கொண்டு தென்துருவக் கண்டத்துக்குப் போன மனிதர். இதை நம்ம பாடப்புத்தகம் சொல்லவே இல்லை.

இளமைக்காலம்

1878 செப்டம்பர் 2-ல் இங்கிலாந்தின் டெர்பி நகரத்தில் பிறந்தார். மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பௌதிகம் படித்தார். பிறகு உதவித்தொகை கிடைத்து ஜெர்மனியில் கோட்டிங்கன் போனார். காற்றில் மின்சாரம் எப்படி இருக்கிறது என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே அவருக்குப் பைத்தியம். அதை அளக்க அவர் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்கள். நார்வே நாட்டின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, லாப்லாந்துப் பகுதியில் உள்ள காரஸ்யோக் என்ற சிற்றூர். 1903, 1904 வாக்கில் அங்கே கிட்டத்தட்ட ஒரு வருஷம். ஆக, வடதுருவப் பக்கத்துக் குளிரை முதலில் ருசி பார்த்துவிட்டுத்தான் தென்துருவத்துக்குப் போயிருக்கிறார்.

1905-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வானிலையியல் விரிவுரையாளர். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் அந்தப் பாடத்துக்கென்று நியமிக்கப்பட்ட முதல் ஆள் இவர். கப்பல்காரர்கள் காற்றின் வேகத்தைச் சொல்ல பயன்படுத்துகிற போஃபர்ட் அளவுகோல் இருக்கிறதே, அதில் உள்ள எண்களுக்கு நிஜமான வேகம் எவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்ததும் இவர்தான். 1906-ல் கப்பலேறி சிம்லா வந்து சேர்ந்தார்.

சிம்லாவில் அப்போது வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர். இந்தப் பெயரைக் கேட்டால் தமிழ்நாட்டுக்காரர்கள் ஒரு கும்பிடு போடலாம், தப்பில்லை. காரணத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம்கூட அன்றைக்கு இந்தத் துறையின் கீழ்தான் இருந்தது.

சிம்லாவில் சிம்ப்சன் செய்த வேலை இடியைப் பற்றியது. மழைத்துளிகள் மின்னூட்டம் கொண்டு வருகின்றனவா என்று அளந்தார். ஆய்வுக்கூடத்தில் கீழிருந்து மேலே காற்றைப் பீய்ச்சி, அதில் தண்ணீர்த் துளியை விட்டு, துளி உடையும்போது என்ன ஆகிறது என்று பார்த்தார். உடைந்த துளிக்கு நேர்மின்னூட்டம், சுற்றியுள்ள காற்றுக்கு எதிர்மின்னூட்டம். இடிமேகத்தில் மின்சாரம் பிறப்பது இப்படித்தான் என்று 1909-ல் ஒரு கொள்கையை வெளியிட்டார். இதன் கதி என்ன ஆயிற்று என்பதையும் கடைசியில் பார்ப்போம்.

1910-ல் கேப்டன் ஸ்காட்டின் இரண்டாவது பயணத்துக்கு ஆள் தேவைப்பட்டது. வானிலைக்கு சிம்ப்சன். சிம்லா விடுப்புக் கொடுத்தது.

அந்தக் கண்டம் எப்படிப்பட்டது?

இங்கே கொஞ்சம் நின்று பூகோளம் பார்க்க வேண்டும். நிறைய பேர் வடதுருவமும் தென்துருவமும் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லவே இல்லை! வடக்கே இருப்பது கடல். அதைச் சுற்றி நிலம். வடதுருவத்தில் நீங்கள் நின்றால் காலுக்குக் கீழே சில மீட்டர் பனிக்கட்டி, அதற்கும் கீழே சுமார் 4 கிலோமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். தெற்கே இருப்பது நிலம்; அதைச் சுற்றிக் கடல். அந்த நிலம் சுமார் 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அதில் நூற்றுக்கு 98 பங்கு பனிக்கட்டி மூடியிருக்கிறது. பனியின் சராசரிப் பருமன் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். தென்துருவம் கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம தொட்டபெட்டாவைவிட உசரம்!

தெற்கு ஏன் வடக்கைவிடக் குளிர் என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. கடல் தண்ணீர் ஒரு பெரிய வெப்பக் கிடங்கு. கோடையில் வாங்கி வைத்ததை மாரியில் பனிக்கட்டியின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விடும். தெற்கே அந்தக் கிடங்கு கிடையாது. உயரம் வேறு, உயரம் ஏற ஏறக் குளிர். காற்றும் வறண்டது, ஈரம் இல்லாததால் நிலத்தின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். இன்னொரு விசித்திரம். டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தால், தென்துருவத்தின் தலைக்கு மேல் வந்து சேர்கிற சூரிய சக்தி பூமத்திய ரேகைக்கு வருவதைவிட அதிகம். இருபத்துநாலு மணி நேரமும் சூரியன் இறங்குவதே இல்லையே! ஆனால் புதுப்பனி அதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பிவிடுகிறது. பெரிய சம்பளம் வாங்கி, கைக்கு வருவதற்கு முன்னாலேயே பிடித்தம் போனால் எப்படியோ அப்படி.

உள்நாட்டில் பெய்கிற பனியை உருக்கி அளந்தால் ஆண்டுக்கு 50 மில்லிமீட்டர் தேறுவதே பெரிய பாடு. நம்ம நாமக்கல் சீமையில் பெய்கிற மழையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உலகத்திலேயே பெரிய பாலைவனம் அதுதான் என்று சொல்வதில் தப்பில்லை. 1983 ஜூலை 21-ல் வோஸ்டாக் என்ற ரஷ்ய நிலையத்தில் மைனஸ் 89.2 டிகிரி பதிவாயிற்று. நிலத்தில் வைத்த கருவி எதுவும் அதற்குக் கீழே பதிந்ததில்லை.

குடிசையும் கருவிகளும்

டெரா நோவா என்ற கப்பல் 1911 ஜனவரியில் ராஸ் தீவில் கேப் எவன்ஸ் என்ற முனையில் ஆட்களை இறக்கியது. பின்னால் எரிபஸ் எரிமலை புகைந்துகொண்டிருக்கும். முன்னால் கடல், உறைந்தும் உறையாமலும். ஏறக்குறைய 15 மீட்டர் நீளம், ஏழரை மீட்டர் அகலத்தில் ஒரு மரக்குடிசை. குளிர் தாங்க சுவருக்குள் கடற்பாசி அடைத்த மெத்தை. அசிட்டிலின் விளக்கு. அதற்குள் 25 பேர் ஒரு மாரிக்காலம் முழுக்கக் குடியிருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் மறைகிற சூரியன் ஆகஸ்ட் கடைசியில்தான் தலைகாட்டும். நாலு மாசம் ராத்திரி! நம்ம ஹாஸ்டலில் ஒரு மணி நேரம் கரண்ட் போனால் நாம் போடுகிற கூச்சலை இங்கே நினைத்துப் பார்க்கவும்.

குடிசையின் ஒரு மூலை சிம்ப்சனுக்கு. அந்த மூலை நிறைய கடிகாரச் சக்கரங்களும், சுழலும் உருளைகளும், பேனா முள்களும். குடிசைக்குப் பின்னால் இருந்த மேட்டில் காற்றுத்திசை காட்டியும் காற்றுவேகமானியும் நட்டார். அந்த மேட்டுக்கே விண்ட்வேன் ஹில் என்று பெயர் வந்துவிட்டது. தெர்மாமீட்டர் பெட்டிகளை மூன்று வெவ்வேறு இடங்களில் வைத்தார்கள். ஏ, பி, சி என்று வெறுமனே சொல்லாமல் ஆர்ச்சிபால்ட், பெர்ட்ரம், கிளாரன்ஸ் என்று மனுசப் பெயரே வைத்துவிட்டார்கள். மதிய நடைக்குக் கிளம்புகிறவர் யாராக இருந்தாலும் போகிற வழியில் ஆர்ச்சிபால்டையோ கிளாரன்ஸையோ நலம் விசாரித்து, அளவு குறித்துவர வேண்டும்.

கருவி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வேலையின் கஷ்டம் தெரியும். எண்ணெய் கெட்டிப்பட்டால் கடிகாரம் நிற்கும். காற்றுவேகமானியின் குழாயில் பொடிப்பனி புகுந்து அடைத்துக்கொள்ளும். குனிந்து தெர்மாமீட்டரைப் படித்தால் விடுகிற மூச்சே கண்ணாடியில் பனியாய்ப் படியும். கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். மைனஸ் 39-க்குக் கீழே பாதரசம் உதவாது, சாராய தெர்மாமீட்டர் வேண்டும். இத்தனைக்கும் நடுவில் மணிக்கு மணி அளவு விடுபடக்கூடாது. இது நம்ம மாதிரி லேப் ரெக்கார்டு எழுதுகிற கதை இல்லை. பக்கத்து ரோல் நம்பரைப் பார்த்து எழுத அங்கே யாரும் கிடையாது.

அவர் செய்ததில் எனக்கு ரொம்பவும் பிடித்தது பலூன் வேலைதான். கால்சியம் ஹைட்ரைடில் தண்ணீர் விட்டு ஹைட்ரஜன் தயாரித்தார். அதைச் சின்ன பலூனில் அடைத்து, சில அவுன்ஸ் எடையே உள்ள கருவியைக் கட்டினார். கருவியோடு பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பட்டுநூல். பலூன் மேலே போகப் போக நூல் தானாகப் பிரியும். மெதுவாக எரியும் திரி ஒன்று குறித்த நேரத்தில் பலூனுக்கும் கருவிக்கும் உள்ள கட்டை அறுத்துவிடும். கருவி கீழே விழும். அப்புறம் பனியில் கிடக்கிற நூலைப் பிடித்துக்கொண்டே நடந்து போனால் கருவி கிடைக்கும். காற்று நூலை அறுத்துவிட்டால் அவ்வளவுதான், ஒரு நாள் உழைப்பு பாழ். நூலோடு புழங்குகிற ஊர்க்காரர்கள் நாம். அறுந்த நூலைத் தேடுகிற வேதனை நமக்குச் சொல்லாமலே புரியும். அந்தக் கண்டத்தின் மேல்காற்றைக் கருவி ஏற்றி அளந்த ஆரம்பகால பலூன்களில் இவையும் சேர்த்தி.

அந்தப் பலூன்கள் ஒரு தலைகீழான விஷயத்தைச் சொல்லின. பொதுவாக மேலே போகப் போகக் குளிரும். அங்கே மாரிக்காலத்தில் தரையை ஒட்டி இருப்பதுதான் படுகுளிர். மேலே போனால் முதலில் சூடு ஏறுகிறது! காற்று அசையாமல், வானம் தெளிவாக இருக்கும் இரவில் பனித்தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று அதன்மேல் கிடந்து குளிர்ந்து, கனமாகி, அங்கேயே தேங்கிவிடுகிறது. இதனால்தான் பனிப்புயல் அடிக்கும்போது உஷ்ணநிலை கூடுகிற அதிசயம் நடக்கிறது. புயல் வந்து கீழ்க்காற்றையும் மேல்காற்றையும் மோர் கடைகிற மாதிரி கலக்கிவிடுகிறது. அமைதியான நாள்தான் அங்கே ஆபத்தான நாள். இந்த ஒரு வரியை மறக்காதீர்கள், பின்னால் வருகிறது.

நடுவில் ஒரு டெலிபோன் லைனும் போட்டார்கள். கேப் எவன்ஸிலிருந்து ஹட் பாயின்ட் வரை ஏறக்குறைய 24 கிலோமீட்டர். உறையில்லாத வெறும் அலுமினியக் கம்பியைப் பனிமேல் அப்படியே போட்டுவிட்டார்கள். கம்பமும் இல்லை, இன்சுலேட்டரும் இல்லை. நன்றாகக் குளிர்ந்த பனி மின்சாரத்தைக் கடத்தாது, அதுவே இன்சுலேட்டர்! எலெக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் கவனிக்க.

மார்ச் மாதம்

1911 நவம்பர் 1-ல் ஸ்காட் துருவத்துக்குக் கிளம்பினார். கேப் எவன்ஸ் குடிசையின் பொறுப்பு சிம்ப்சன் கைக்கு வந்தது. மற்றது உலகம் அறிந்த கதை. டிசம்பர் 14-லேயே அமுண்ட்சென் துருவத்தைத் தொட்டுவிட்டார். ஸ்காட், வில்சன், பவர்ஸ், ஓட்ஸ், எட்கர் எவன்ஸ் ஐந்து பேரும் 1912 ஜனவரி 17-ல் போய்ச் சேர்ந்து பார்த்தால் நார்வே கொடி.

சிம்ப்சனுக்கு சிம்லாவிலிருந்து அழைப்பு. வானிலைத் துறை வேலைக்குத் திரும்பியாக வேண்டும். 1912 மார்ச்சில் டெரா நோவா கப்பலில் ஏறினார். வந்த கப்பல் என்ன கொண்டுவந்து இறக்கியது தெரியுமா? இந்தியாவிலிருந்து 7 கோவேறு கழுதைகள்! சிம்லாவில் பழக்கப்படுத்தி அனுப்பியவை. குலாப், பேகம், லால்கான், அப்துல்லா என்று பெயர்கள். சிம்லாக் கழுதைகள் இறங்கின, சிம்லா விஞ்ஞானி ஏறினார். கருவிகளை சார்ல்ஸ் ரைட் என்ற கனடா நாட்டு இளைஞரிடம் ஒப்படைத்தார்.

ஸ்காட் குழு அப்போது திரும்பும் வழியில் இருந்தது. ராஸ் பனித்தட்டு என்று நாம் இன்று சொல்வதை அவர்கள் பேரியர் என்பார்கள். கடல்மேல் மிதக்கிற பனிச்சமவெளி, தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பரப்பு. எட்கர் எவன்ஸ் பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார். கப்பல் வடக்கே போய்க்கொண்டிருந்த அதே மார்ச்சில் ஓட்ஸ் புயலுக்குள் நடந்து போய் மறைந்தார். மற்ற மூவரும் மாதக் கடைசியில் கூடாரத்துக்குள் இறந்தார்கள். அடுத்த உணவுக்கிடங்கு இருந்தது சுமார் 20 கிலோமீட்டரில். இங்கிருந்து நாம் திருச்செங்கோட்டுக்குப் போகிற தூரம்தான், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

1912 நவம்பர் 12-ல் தேடிப்போனவர்கள் கூடாரத்தைக் கண்டார்கள். கோவேறு கழுதைகளும் கூடப் போயின. பனிக்கு மேலே தெரிந்த கூடார முனையை முதலில் பார்த்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சிம்ப்சனின் கருவிகளை வாங்கிக்கொண்ட அதே ரைட்! கூடாரத்துக்குள் டைரிகளோடு பவர்ஸ் எழுதிய வானிலைக் குறிப்பேடும் கிடைத்தது. பலூன் நூலைப் பிடித்துக்கொண்டு பனியில் நடந்தவர்களில் பவர்ஸும் ஒருவர். ஆள் குட்டை, வேலை மலையளவு. இந்தியக் கடற்படைப் பணியில் இருந்து ஐராவதி ஆற்றில் படகு ஓட்டியவர்.

1913 பிப்ரவரி 10 அன்று நியூசிலாந்திலிருந்து செய்தி உலகத்துக்குப் போயிற்று. சிம்லாவில் இருந்த சிம்ப்சனுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதே பிப்ரவரியில்தான், 26-ம் தேதி, அவருடைய மேலதிகாரி வாக்கர் சென்னையில் ஒரு துறைமுகக் குமாஸ்தாவின் கணக்கு நோட்டுகளைப் பார்த்து அசந்துபோய், இவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அந்தக் குமாஸ்தா நம் கும்பகோணம் ராமானுஜன்! கும்பிடு போடச் சொன்னது இதற்குத்தான்.

மேசைமேல் ஒரு குறிப்பேடு

ஸ்காட் சாகும் முன் எழுதிவைத்த செய்தியில் பேரியரில் பகலில் ஏறக்குறைய மைனஸ் 34, இரவில் மைனஸ் 44 டிகிரி இருந்ததாகவும், இந்தப் பருவத்தில் இப்படிப்பட்ட குளிரை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்ற பொருளிலும் சொல்லியிருந்தார். அந்தக் குழுவில் எதிர்பார்ப்பைக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டிய ஆள் யார்? வானிலை விஞ்ஞானிதானே! ஒரு பாலம் இடிந்தால் டிசைன் போட்ட இஞ்சினியர் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். சிம்ப்சனின் நிலைமை அதுதான்.

முன்னால் போன இரண்டு பயணங்களின் பதிவுகளும், அவர்களே 1911-ல் கிடங்கு வைக்கப் போனபோது எடுத்த அளவுகளும்தான் கையில் இருந்தவை. அவற்றை வைத்துப் பார்த்தால் மார்ச்சில் குளிர் இருக்கும், ஆனால் அந்த அளவுக்கு இருக்காது. சிம்ப்சன் பவர்ஸின் குறிப்பேட்டையும் கேப் எவன்ஸ் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாள் நாளாக ஒப்பிட்டார். கேப் எவன்ஸ் கடலோரம், காற்றடிக்கிற இடம். பேரியர் உள்ளே இருக்கிறது. வழக்கமாகத் தெற்கிலிருந்து வீசி மேல்காற்றைக் கலக்கிவிடும் காற்று அந்த மார்ச்சில் வீசவில்லை. முன்னே சொன்ன அந்த அமைதியான குளிர் தேங்கி நின்றுவிட்டது. பின்காற்று இருந்திருந்தால் சறுக்குவண்டியில் பாய் கட்டியிருக்கலாம், அதுவும் போயிற்று.

இன்னொன்றும் உண்டு, மெக்கானிக்கல் ஆட்களுக்குப் புரியும். சறுக்குவண்டி வழுக்குவதற்குக் காரணம் உராய்வில் உருகும் மெல்லிய நீர்ப்படலம். குளிர் மிஞ்சிப்போனால் அது உருவாகாது. பனி மணலாகிவிடும். கிரீஸ் வற்றிய பேரிங் மாதிரிதான். அந்த மணலில் பசித்த மனிதர்கள் வண்டி இழுத்தார்கள்.

மண்ணெண்ணெய்க் கதையையும் சொல்லாமல் விட முடியாது. கிடங்குகளில் வைத்திருந்த டின்களில் எண்ணெய் குறைந்திருந்தது. மூடியில் இருந்த தோல் வாஷர் குளிரில் சுருங்கிக் கசியவிட்டது. அமுண்ட்சென் தன் டின்களுக்கு ஈயம் பற்றவைத்திருந்தார். ஒரு வாஷர்... அதைப் பற்றி யோசித்தால் நமக்கு ஒர்க்‌ஷாப் வகுப்பில் தூக்கம் வராது.

உலகப்போர் வந்து சிம்ப்சனை மெசபடோமியாவுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. மைனஸ் 40-லிருந்து பாலைவன வெயிலுக்கு! திரும்பிவந்தும் அந்தக் கணக்கை விடவில்லை. தென்துருவ வானிலையைப் பற்றிய இரண்டு பெரிய தொகுதிகள் 1919-ல் கல்கத்தாவில் அச்சாயின. மூன்றாவது தொகுதி 1923-ல் வந்தது. தென்துருவத் தட்பவெப்பத்தைப் பற்றிய இப்படியொரு பெரிய நூல் அச்சானது லண்டனில் இல்லை, கல்கத்தாவில்! கண்டத்தின் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பரவும் காற்றழுத்த அலைகளைப் பற்றி அதில் எழுதினார். ஸ்காட்டின் பயணமும் வானிலையும் என்பதைப் பற்றி 1923-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சொற்பொழிவும் செய்தார். அந்த மார்ச் விதிவிலக்கான மார்ச், வேறொரு ஆண்டாக இருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்பது அவர் முடிவு.

தன்மேல் பழி வராமல் இருக்கச் சொன்னதாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர்கள் இருப்பார்கள்தான். ஒரே ஒரு ஆண்டின் அளவை வைத்துக்கொண்டு அது விதிவிலக்கா இல்லையா என்று எப்படிச் சொல்வது? அதற்கு விடை வர எழுபது எண்பது வருஷம் ஆயிற்று. 1980-களில் ஆளில்லாத தானியங்கி வானிலை நிலையங்களை ஸ்காட் நடந்த பாதையிலேயே அமெரிக்கர்கள் நிறுவினார்கள். அந்தப் பதிவுகளை வைத்து சூசன் சாலமன் என்ற அம்மையார், ஓசோன் ஓட்டை எதனால் என்று விளக்கிய அதே விஞ்ஞானி, சார்ல்ஸ் ஸ்டேர்ன்ஸுடன் சேர்ந்து 1999-ல் முடிவை வெளியிட்டார். 1912 மார்ச் வழக்கத்தைவிட 5 முதல் 11 டிகிரி சென்டிகிரேட் வரை அதிகக் குளிர். 15 ஆண்டுப் பதிவுகளில் அதற்கு ஈடான மார்ச் ஒன்றே ஒன்றுதான். சிம்ப்சன் கணக்கு சரி!

என்னைக் கேட்டால், வானிலை மேல் மட்டும் பழியைப் போட்டுவிடவும் முடியாது. நாலு பேருக்குக் கட்டிய சாப்பாட்டில் ஐந்து பேர் போனார்கள், நாயை நம்பவில்லை, வாஷர் கசிந்தது. ஆனால் எஞ்சியிருந்த கொஞ்ச வாய்ப்பையும் தின்றது அந்தக் குளிர்தான்.

லண்டன் நாட்கள்

1920-ல் பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் இயக்குநர் ஆனார். 1938 வரை 18 வருஷம் அந்த நாற்காலி. 1935-ல் சர் பட்டம். மகன்களில் ஒருவருக்கு ஸ்காட் என்றே பெயர் வைத்தார். அவர் பிற்பாடு நிலவியல் பேராசிரியர் ஆனார்.

அந்த நாற்காலியில் இருந்த கடைசி வருஷத்தில் ஒரு சம்பவம். கை காலண்டர் என்ற ஆங்கிலேயர் ராயல் வானிலையியல் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். அவர் வானிலை ஆள் இல்லை, நீராவி இஞ்சினியர். நம்ம ஜாதி! நிலக்கரி எரிப்பதால் காற்றில் கரியமில வாயு கூடுகிறது, அதனால் பூமி சூடாகிறது என்று உலகம் முழுக்க உள்ள தெர்மாமீட்டர் பதிவுகளைக் கையால் கூட்டிக் கழித்துச் சொன்னார். சிம்ப்சன் ஒத்துக்கொள்ளவில்லை. வாயு கூடியதும் சூடு கூடியதும் தற்செயலாகச் சேர்ந்து வந்தவை, துறைக்கு வெளியே இருப்பவருக்கு இதன் சிக்கல் தெரியாது என்ற ரீதியில் பேசிவிட்டார். தப்பு சிம்ப்சன் பக்கம். ஹவாய்த் தீவில் 1958-ல் பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. தெற்கே 2022 மார்ச் 18-ல் கான்கார்டியா நிலையத்தில் மைனஸ் 12 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நின்றது; அந்த நாளுக்கு வழக்கமானதைவிட கிட்டத்தட்ட 40 டிகிரி அதிகம். மறுபடியும் ஒரு மார்ச்! நாற்காலியின் உயரத்தில் இருந்து பார்த்தால் நீராவி இஞ்சினியர் சின்னதாகத் தெரிந்திருப்பார் போல.

இதைச் சொன்ன வாயால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிம்லாவில் போட்ட இடிமேகக் கொள்கை இருக்கிறதே, அதற்கு எதிராக சி.டி.ஆர்.வில்சன் வேறு மாதிரி சொன்னார். மேகத்தின் மேல்பக்கம் நேர்மின்னூட்டம், கீழ்ப்பக்கம் எதிர்மின்னூட்டம் என்று. பல வருஷம் வாதம் நடந்தது. சிம்ப்சன் என்ன செய்தார்? பழையபடி பலூனை எடுத்தார். மின்சாரம் பட்டால் நிறம் மாறும் ரசாயனத் தாளைக் கருவிக்குள் வைத்து, இடிமேகத்துக்குள்ளேயே ஏற்றினார். 1937-ல் ஸ்கிரேஸ் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட முடிவு பெரும்பாலும் வில்சன் பக்கம்தான் சாய்ந்தது. மேகத்தின் அடியில் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் சிம்ப்சன் சொன்ன நேர்மின்னூட்டம் இருந்தது. தன் கொள்கையைத் தானே அளந்து, தானே குறைத்துக்கொண்டு, தன் பெயரிலேயே அச்சிட்டார். எனக்கு இந்த சிம்ப்சன்தான் பெரியவர்.

ஓய்வு பெற்றவரை இரண்டாம் உலகப்போர் மறுபடி கூப்பிட்டது. கியூ ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து 1947 வரை இடிமேகத்துக்கே பலூன் விட்டுக்கொண்டிருந்தார். 1965 ஜனவரி 1-ல், 86-வது வயதில், பிரிஸ்டல் அருகே காலமானார்.

கேப் எவன்ஸ் குடிசை இன்னும் நிற்கிறது. நியூசிலாந்துக்காரர்கள் பழுதுபார்த்துக் காக்கிறார்கள். அவர் வேலை பார்த்த இந்திய வானிலைத் துறையின் ஆட்கள், நம் நாட்டு முதல் குழு 1982 ஜனவரியில் அங்கே இறங்கிய காலத்திலிருந்து, அந்தக் கண்டத்தில் தெர்மாமீட்டர் பார்த்துவருகிறார்கள். முதலில் தட்சிண கங்கோத்திரி, 1989 முதல் மைத்ரி, 2012 முதல் பாரதி. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று நாம் வானத்தைப் பார்த்து நிற்கிற நேரம், அங்கே நட்டநடு ராத்திரிக் காலம். அந்த இருட்டிலும் ஒருவர் அளவு எடுத்துக் குறித்துக்கொண்டுதான் இருப்பார்.